விளக்கு வைத்ததும் நெட் போய்விடும்

மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவரோடு ஒரு கடப்பாக்கல் தட்டு இருக்கிறது. அதற்கு மேலே என் வீட்டுக்காரரின் படம். தட்டில் இடது பக்கம் காமாட்சி விளக்கு, வலது பக்கம் நெட் பெட்டி. பெட்டியை அங்கே வைக்கச் சொன்னது அவர்தான். தெருவிலிருந்து வயர் அந்த மூலை வழியாகத்தான் உள்ளே வருகிறது. அவருடைய பிரம்பு நாற்காலியும் அங்கேதான் கிடந்தது. அப்போது சுவரில் படம் கிடையாது. அவரே உட்கார்ந்திருந்தார்.

போன ஐப்பசியில் அவர் இறந்தார். விளக்கு வைத்ததும் நெட் போய்விடும் என்பதை அதற்குப் பிறகுதான் கண்டுகொண்டேன். பகலெல்லாம் பெட்டியில் பச்சை விளக்குகள் ஒழுங்காக எரியும். சாயங்காலம் விளக்கேற்றி, அவருக்குக் காப்பி வைத்து, போனை எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பச்சை எல்லாம் ஒன்றாக அணைந்துவிடும். ஒரு சிவப்பு மட்டும் முழித்துக்கொண்டு நிற்கும்.

படத்தைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து மாட்டியிருக்கிறோம். அதனால் பெட்டியின் பச்சை வெளிச்சம் கண்ணாடியில் போய் விழும், அதுவும் சரியாக அவர் கண் இருக்கிற இடத்தில். அது அணையும்போது அவர் கண்ணை மூடிக்கொண்ட மாதிரி இருக்கும். உயிரோடு இருந்த காலத்திலும் ஒரு பேச்சு பிடிக்கவில்லை என்றால் அவர் அப்படித்தான் செய்வார். சண்டை போடமாட்டார். கண்ணை மூடிக்கொள்வார்.

எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரும். பஸ் கொஞ்சம் நின்றால் போர்டைப் படித்துவிடுவேன், நிற்காவிட்டால் கண்டக்டரைக் கேட்பேன். அதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அவருக்குக் கருப்பட்டிக் கடை. உடன்குடிப் பக்கத்திலிருந்து வருகிற சரக்கில் ஒன்றை உடைத்தால், உடைகிற சத்தத்தை வைத்தே அது காய்ந்த சரக்கா கசியப்போகிற சரக்கா என்று நான் அடுக்களையிலிருந்து சொல்லிவிடுவேன். கடையில் அவர் பெரிய ஆள். ஆனாலும் என்னைக் கேட்காமல் மூட்டை இறக்கமாட்டார்.

எங்களுக்கு ஒரே மகன். கடையை அவன் எடுத்துக்கொள்வான் என்று அவர் நினைத்திருந்தார். அவன் கப்பல் என்ஜின் படிப்பு படித்தான். வேலை கிடைத்த அன்று அவர் ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். "கடலுக்குப் போறவன் கடலோட இருந்துக்கோ. இந்தப் படி ஏறாத." அவனும் அப்பனுக்குப் பிறந்தவன். ஏறவில்லை. லீவில் வந்தால் என் தங்கச்சி வீட்டில் தங்குவான், நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அவர் எங்கே போனாய் என்று கேட்கமாட்டார். நானும் சொல்லமாட்டேன்.

அவர் இறந்தபோது மகன் நடுக்கடலில் இருந்தான். வரமுடியவில்லை. அவர் தம்பி மகன்தான் கொள்ளி வைத்தான். அதிலிருந்து மகன் போனில் கூப்பிடத் தொடங்கினான், நெட் வழியாக. கப்பலில் இருந்து அது ஒன்றுதான் வழியாம், அதையும் அவர்களுக்கு அளந்துதான் கொடுப்பார்களாம். அவன் கூப்பிடத் தோதுப்படுகிற நேரம் எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம்.

முதலில் மழை உண்டா என்பான், முட்டி வலி எப்படி என்பான், என்ன குழம்பு என்பான். அப்புறம் அதைக் கேட்பான்.

"அம்மா, அப்பா கடைசியில என்னைப் பத்தி ஏதாவது சொன்னாவளா?"

அவ்வளவுதான். படத்தில் பச்சை அணையும். அவன் முகம் போனில் பாதி திறந்த வாயோடு அப்படியே உறைந்து நிற்கும். பெட்டி செத்து எழுந்து வருவதற்குள் அவனுக்குக் கொடுத்த நேரம் முடிந்துபோகும்.

ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். கூப்பிடும்போதெல்லாம் இதே கதை. ஒருநாள் அவன் எடுத்த எடுப்பிலேயே கேட்டான்.

"ஏம்மா, நான் அதைக் கேட்டாலே கட் பண்ணுதீங்க?"

"நான் எதுக்குலே கட் பண்ணுதேன். நெட்டு போயிட்டு."

"முட்டி வலியப் பேசும்போது போவாதா? நான் கேக்கும்போது மட்டுந்தான் போவுமா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. ஐப்பசியில் வருஷத் திதி வருகிறது. கொள்ளிதான் வைக்கவில்லை, திதியாவது மகன் கையால் நடக்கவேண்டும் என்று எனக்கு. அவனுக்கோ ஏறாதே என்று சொன்ன படி. "அவங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாரேன். இல்லன்னா எந்த முகத்தோட வர?" என்றான். அன்றைக்கும் பதில் சொல்வதற்கு முன்னால் பெட்டி சிவப்பாகிவிட்டது.

அவனிடம் சொல்ல எனக்கு ஒரு பதில் இருந்தது. அது வார்த்தை இல்லை. வார்த்தையாக அவர் எதுவும் சொல்லவில்லை. கடைக்கு வேண்டும் என்று சொல்லித்தான் அவர் வீட்டில் நெட் போட்டார். கருப்பட்டிக் கடைக்கு வீட்டில் எதற்கு நெட்? சாயங்காலம் கடையிலிருந்து வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, போனை எடுப்பார். அதில் நீலமாக ஒரு படம் வரும். நீலம் முழுக்க சின்னச் சின்ன அம்புகள், பச்சையும் சிவப்புமாக. மகன் ஒருதரம் எனக்கு அதே மாதிரிப் படம் அனுப்பி, இந்த அம்புதான் என் கப்பல் என்று சொல்லியிருந்தான். அதனால் எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் காப்பி கொண்டுவந்தால் அவர் போனைத் தொடையில் கவிழ்த்துவிடுவார். நான் ஒன்றும் பார்க்காதவள் மாதிரி டம்ளரை நீட்டுவேன். வருஷக்கணக்கில் ஒரே கூடத்தில் இருவரும் இப்படி நடித்தோம்.

ஆகவே எனக்குத் தோன்றியது இதுதான். அவர் மறைத்ததை நான் சொல்லப்போகிறேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொள்கிறார்.

நெட் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினேன். அங்கிருந்து ஒரு ஆள் வந்தார். தொப்பையும் முன்வழுக்கையுமாக, ஸ்கூட்டரில். நல்ல வெயில் நேரம். பெட்டியைப் பார்த்தார், வயரைப் பிடுங்கிச் சொருகினார், தன் போனை வைத்துக்கொண்டு கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தார்.

"ஆச்சி, எல்லாம் கிளீனா இருக்கு. எதுக்கு கம்ப்ளெய்ண்ட் கொடுத்தீய?"

"நீரு வரும்போது ஓடுது. விளக்கு வச்சா போவுது."

"நெட்டுக்கு விளக்குத் தெரியுமா ஆச்சி?" என்று சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் போய், வெளியிலிருந்து வருகிற வயரின் முனையைக் கழற்றிக் காட்டினார். "உப்புக்காத்து. ஊர்ல பாதி கம்ப்ளெய்ண்ட் இதுதான். சொருகு முனையெல்லாம் களிம்பு ஏறிப் போவுது." அதை மாற்றினார். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற சின்ன டப்பாவையும் மாற்றினார். அதன் பிறகு தன் போனில் ஏதோ பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வீட்ல எத்தனை பேர் ஆச்சி?"

"நான் ஒருத்திதான்."

"ரெண்டு போன் ஓடுதே இதுல." அப்போது அவர் ஒரு பெயரை வாசித்தார்.

என் வீட்டுக்காரர் பெயர். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பெயர். அந்தக் கூடத்தில், அந்தப் படத்துக்கு நேராக நின்றுகொண்டு, ஒரு வெளியாள் அதைச் சாதாரணமாக வாசித்தார்.

"இப்போ கனெக்ட்ல இருக்கு," என்றார் வந்தவர், படத்தைக் கவனிக்காமலே.

அலமாரியைத் திறந்து காட்டினேன். என் வீட்டுக்காரர் போனை நான் அணைக்கவில்லை. அவர் போன நாளிலிருந்து சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டேதான் இருக்கிறேன். அதுவும் செத்துப்போவதைப் பார்க்க எனக்கு மனசில்லை. அது அலமாரிக்குள் இருட்டில் கிடந்தபடி இத்தனை நாளும் நெட்டைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வந்தவர் அப்போதுதான் படத்தை நிமிர்ந்து பார்த்தார். "அது இருந்தா ஒண்ணும் ஆவாது ஆச்சி. இருக்கட்டும்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமும் பச்சை அணைந்தது.

எதிர்வீட்டுக்காரி என் வயசுக்காரி. அவளிடம் சொன்னேன். பேய் பிசாசென்று கதை சொன்னால் அவளுக்குச் சோறு வேண்டாம்.

"ஏளா, அண்ணாச்சி இருக்கும்போதே மகன் பேச்ச எடுத்தா எந்திரிச்சுப் போவாரு. இப்ப எந்திரிச்சு எங்க போவ? அதான் நெட்டை அமத்துதாரு."

"வாய மூடு. அவரு என்ன லயன்மேனா?"

"சிரிக்காத. நீ காப்பி வைக்கியே, அது ஒழுங்கா வைக்கியா? வெந்நித்தண்ணி மாதிரி வச்சா மனுசனுக்குக் கோவம் வராதா?"

அது எனக்குச் சுருக்கென்று பட்டது. எங்களில் இறந்தவருக்குப் பிடித்ததைப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, பிறகு எடுத்து நாம் சாப்பிடுவோம். நான் தினமும் வைத்தது சுக்குப் போட்ட கருப்பட்டிக் காப்பி, அவருடைய பித்தளை டம்ளரில். வைத்த இடமும் அவர் வைத்த இடமேதான். நெட் பெட்டியின் தலை. அந்தப் பெட்டி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், மேலே வைத்தால் காப்பி ஆறாது என்று கண்டுபிடித்தவர் அவர். அம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் காப்பி ஆறத்தானே செய்யும்.

மறுநாளிலிருந்து காப்பியைக் கூட்டினேன். டம்ளருக்குப் பதில் பித்தளைச் செம்பு. அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு, கொதிக்கக் கொதிக்க, துணியால் பிடித்துக்கொண்டு வந்து பெட்டிமேல் வைத்தேன். கும்பிட்டேன். "பிள்ளை திதிக்கு வரணும். கண்ண மூடாதீங்க," என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

அன்று மகன் முட்டி வலிக்கே வரவில்லை. மழை உண்டா என்பதோடு நின்றுபோனது.

அதன் பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது என்றால் அது பொய்யில்லை. கடல்காற்றில் பிரம்பு நாற்காலி கிரீச்சென்றால் திரும்பிப் பார்ப்பேன். துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற சத்தம் பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்தான், அது கூட யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. தட்டைத் துடைக்கும்போது படத்தைப் பார்க்காமல் துடைத்தேன். பெட்டிமேல் சிந்துகிற காப்பிக்கு எறும்பு வந்துவிடும் என்று அன்றன்றைக்கு ஈரத்துணியால் வழித்துத் துடைத்துவிடுவேன். மறுநாள் யார் வந்து பார்த்தாலும் பெட்டி பளிச்சென்றிருக்கும்.

கம்பெனி ஆளை விளக்கு வைக்கிற நேரத்துக்கே வரவேண்டும் என்று கண்டித்துச் சொன்னேன். வந்தார். அன்றைக்கு நான் செம்பைக் கொண்டுவந்து பெட்டிமேல் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோதே வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுக்காமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. அடுக்களைக்குப் போய்ப் போட்டுவர நேரமில்லை. வைத்த செம்பை எடுத்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, செம்பைத் தரையில் வைத்தேன். வந்தவர் பிரம்பு நாற்காலியில் உட்காரப் போனார். "அதுல வேண்டாம்," என்றேன். புரிந்துகொண்டு வாசற்படி ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மகன் கூப்பிட்டான். மழை, முட்டி, குழம்பு எல்லாம் முடிந்தது. பச்சை எரிந்துகொண்டே இருந்தது. நான் படத்தைப் பார்த்தேன். கண் திறந்தே இருந்தது.

"அப்பா ஏதாவது சொன்னாவளா அம்மா?"

பச்சை அணையவில்லை. ஸ்டூலில் கம்பெனி ஆள் காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டு, எங்கள் பேச்சைக் கேட்காத மாதிரிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்நிய ஆள் முன்னால் வீட்டு விஷயத்தை விரித்துப்போடுகிறவள் இல்லை நான். என் மகன் கேட்டான், நெட் ஓடியது, நான் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

"நல்லாத்தானே ஆச்சி ஓடுது," என்றார் அவர். "நீங்களா கட் பண்ணுனீய?"

"பேசி முடிஞ்சிட்டு."

அவர் போனதும் தட்டைத் துடைக்கப் போனேன். பெட்டிமேல் கை வைத்தேன். மற்ற நாளெல்லாம் துடைக்கும்போது அது இட்லிக் கொப்பரை மூடி மாதிரிச் சுடும். பெட்டி என்றால் சுடும்போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு வெறும் வெதுவெதுப்பு. தலையில் வரிசையாக ஓட்டைகள். அடுப்பிலும் ஓட்டை எதற்கு விடுகிறோம் என்று எனக்குத் தெரியாதா? உள்ளே இருக்கிற சூடு மூச்சுவிட. அதன்மேல் கொதிக்கிற செம்பைக் கொண்டுபோய் அடைத்தால்?

மறுநாள் மகன் கூப்பிடவில்லை. நான் செம்பை வைத்தேன். எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டியையே பார்த்தேன். பச்சை அணைந்தது. செம்பை எடுத்தேன், விசிறியால் வீசினேன். சிவப்பு கொஞ்ச நேரம் முழித்தது, பிறகு பச்சை வந்தது. திரும்ப வைத்தேன். திரும்ப அணைந்தது. இத்தனை நாள் என்னை ஆட்டிவைத்தது ஒரு செம்புக் காப்பி.

சிரிப்பு வந்தது. ஆனால் வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் இருக்கும்போது சாயங்காலம் ஆனால் பெட்டி மண்டையில் ஒரு தட்டுத் தட்டி, "சவத்துப் பெட்டி" என்று வைவார். அது எனக்கு அப்போது தினமும் கேட்கிற சத்தங்களில் ஒன்று. அடுக்களையில் இருந்தபடி, மனுஷனுக்குக் கோபம் கூடிப்போச்சு என்று நினைப்பேன். இப்போது யோசித்துப் பார்த்தேன். காப்பியைப் பெட்டிமேல் வைத்துவிட்டு அம்பைத் தேடுவார். தேடிக் கண்டுபிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் அப்படியே நின்றுபோயிருக்கும், அம்பும் நின்றுபோயிருக்கும். ஒவ்வொரு சாயங்காலமும் மகன் கப்பல் அவர் கையில் வந்து வந்து நின்றிருக்கிறது. எதனால் என்று தெரியாமலே போய்விட்டார். நடுக்கடலில் நின்றுபோன கப்பலைப் பார்த்துக்கொண்டு அந்த நேரம் அவர் என்ன நினைத்திருப்பார்? யாரிடமும் கேட்டிருக்கமுடியாது. கேட்டால் எதைப் பார்க்கிறார் என்று சொல்லவேண்டிவரும்.

அது என்னை இன்றைக்கும் விடவில்லை. ஆவி என்று நினைத்துப் பயந்திருந்த நாட்களில் கூட நான் தூங்கினேன்.

மகன் அதற்கடுத்த நாளும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இப்போது தடுக்கிறவர் யாரும் இல்லை என்று தெரிந்துவிட்டது. கட் செய்தது நான், அது அவனுக்கும் தெரியும். அவனாகக் கூப்பிட்டால் எடுத்துப் பேசித்தான் எனக்குப் பழக்கம். நானாக யாரையும் கூப்பிட்டதில்லை. கூப்பிடவேண்டும் என்றும் இருந்ததில்லை. பெற்றவள் நான், அவன் கூப்பிடட்டும்.

ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் விளக்கேற்றினேன். காப்பியை டம்ளரில் ஊற்றி, பெட்டிமேல் வைக்காமல் நாற்காலியின் கைமேல் வைத்தேன். போனில் மகன் முகம் போட்ட வட்டத்தைத் தேடி அமுக்கினேன். மணி போய்க்கொண்டே இருந்தது. நின்றது. திரும்ப அமுக்கினேன். எடுத்தான். முகம் தெரியவில்லை, இருட்டாக ஏதோ இரும்புச் சுவர் தெரிந்தது. என்ஜின் சத்தம் குமுறிக்கொண்டிருந்தது.

"அம்மாவா? என்னம்மா, நீங்களா கூப்பிடுதீங்க, ஏதும் ஆயிட்டா?"

"ஒண்ணும் ஆவலை. கேட்டியே, அதுக்குப் பதில் சொல்லணும். குறுக்க பேசாதே."

படத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். "உங்கப்பா ஒரு வார்த்தையும் சொல்லலை. பொய் சொல்லி உன்னை வரவழைக்க எனக்குத் தெரியாது. ஆனா சாயங்காலம் ஆனா போன்ல உன் கப்பலைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. நீ அனுப்புனியே, அந்த நீலப் படம். அதுல."

அந்தப் பக்கம் என்ஜின் மட்டும் ஓடியது.

"எந்தக் கப்பல்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நான் கப்பல் மாறிக்கிட்டே இருந்தேனே."

"துறைமுகத்துல இருந்து வார கடை வாடிக்கைக்காரங்க யார்ட்டயோ கேட்டுக்குவாரு. நீ மாறுன விஷயம் உன் சித்திக்குத் தெரியுமுன்ன அவருக்குத் தெரியும். நான் வந்தா போனைக் கவுத்திருவாரு. நானும் பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

"எவ்வளவு காலமா?"

"நெட்டு போட்டதே அதுக்குத்தான்."

பெட்டியைப் பார்த்தேன். பச்சை எல்லாம் வரிசையாக எரிந்தது. மேலே அவர் கண் திறந்திருந்தது.

"லைன்ல இருக்கியாலே?"

"இருக்கேன்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நேரம் முடியப் போவுதும்மா. திதி என்னைக்கு?"

சொன்னேன். ஐயரைப் பார்க்கவேண்டுமா, துணிமணி என்ன வேண்டும், எந்தத் துறைமுகத்தில் இறங்கினால் சீக்கிரம் வரலாம் என்று அவன் கேட்டுக்கொண்டே இருக்கும்போது அங்கே அவனுக்கு நேரம் முடிந்து கட் ஆனது. எங்கள் வீட்டுப் பெட்டியில் பச்சை அப்படியே நின்றது.

கம்பெனி ஆளிடம் காப்பி விஷயத்தை நான் சொல்லவில்லை. அவர் சரிசெய்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார், இருக்கட்டும். எதிர்வீட்டுக்காரியிடமும் சொல்லவில்லை. சொன்னால் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். காப்பி இப்போது நாற்காலிக் கையில்தான். அவருக்கு ஆறின காப்பி பிடிக்காது என்று தெரியும். மகன் வந்து இறங்குகிறவரை பொறுத்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நேற்று சாயங்காலம் பெட்டிமேல் ஒன்றும் இல்லை, கை வைத்துப் பார்த்தேன், சூடும் இல்லை. மகன் பம்பாயில் இறங்கியாச்சு என்று சொல்லிப் போனை வைத்த கொஞ்ச நேரத்தில் பச்சை எல்லாம் அணைந்தது. கூடம் இருண்டது. உப்புக்காற்றாக இருக்கும். நான் வயரைத் தொடவில்லை, விசிறியும் எடுக்கவில்லை. படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவேண்டிய நேரம் இருந்துவிட்டு, தானாகத் திறந்தார்.